உறைவதும் கரைவதும்

நான் மருத்துவம் படித்த 1970-களின் முற்பகுதியில் எங்கள் உடலியல் பாடநூல், இரத்தம் எவ்வாறு உறைகிறது என்ற விஷயத்தைப் பக்கம் பக்கமாக விஸ்தரித்ததே தவிர, உறைந்த இரத்தம் பிற்பாடு என்னவாகிறது என்பதை ஒரு சிறு பத்தியோடு முடித்துவிட்டது. ரோமானிய எண்களால் குறிக்கப்படும் பன்னிரண்டு காரணிகளையும், அவற்றில் ஒன்று மற்றொன்றைத் தூண்டிவிடும் கிரமத்தையும் பிசகாமல் ஒப்பிக்கத் தெரிந்தவன் வாய்மொழித் தேர்வில் தேறிவிடுவான்; எண்கள் பதின்மூன்று வரை போனாலும் ஆறாம் எண்ணுக்கு உரியதாக ஒரு பொருளும் இல்லை என்பதைச் சமயமறிந்து சொல்லிவிட்டால் தேர்வாளருடைய தயவும் கிட்டும். உடைந்த குழாயை அடைத்து உயிரைக் காத்த கட்டி, காயம் ஆறிய பின்பு அந்தக் குழாயை விட்டு எப்படி அகல்கிறது, அகலாமல் அங்கேயே கிடக்குமானால் அதே வழியில் இரத்தம் மறுபடி எவ்வாறு ஓடும் என்றெல்லாம் கேட்க எங்களில் எவருக்கும் தோன்றவில்லை. பரீட்சைக்கு வராத கேள்வி மாணாக்கனுக்குத் தோன்றுவது அபூர்வந்தானே!

எனக்கு அது தோன்றியது மதுரைப் பெரியாஸ்பத்திரியின் பிரசவ வார்டில், ஹவுஸ் சர்ஜனாக இரவு டியூட்டி பார்த்துக்கொண்டிருந்த காலத்தில். உசிலம்பட்டிக்கு அப்பால் ஏதோ ஒரு கிராமத்திலிருந்து கடைசிப் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்த ஒரு நிறைகர்ப்பிணிக்கு வயிறு மரப்பலகை மாதிரி இறுகி, இரத்தப்போக்கும் தொடங்கியிருந்தது. பிரசவத்துக்கு முன்பாகவே நஞ்சுக்கொடி கருப்பையின் சுவரிலிருந்து பிரிந்துவிட்டது என்பதை, நாடியைப் பிடித்த மாத்திரத்திலேயே எங்கள் தலைமை மருத்துவரான அம்மையார் நிச்சயித்துவிட்டார். மற்ற ஏற்பாடுகளுக்கு நர்சுகளை விரட்டிவிட்டு என் பக்கம் திரும்பி, மருந்து எதுவும் கலவாத வெறுங்கண்ணாடிக் குழாயில் ஐந்து மில்லி இரத்தம் எடுக்கச் சொன்னார்.

"தம்பி, இதைச் சட்டைப் பையில வச்சுக்கங்க, உடம்புச் சூடு படணும். கட்டுச்சுன்னா சொல்லுங்க. கட்டுனது கலைஞ்சாலும் சொல்லுங்க."

கட்டாமற்போவது எனக்குத் தெரிந்த சங்கதி. கண்ணாடி விரியன் கடித்து வருகிறவர்களுடைய இரத்தத்தை இதே போலக் குழாயில் எடுத்து வைத்துவிட்டு, அது உறைகிறதா என்று காத்திருப்பது அந்நாளில் எங்களுக்குப் பழகிப்போன காரியம். அந்த விஷம் உறைதலைக் கண்டபடி தூண்டிவிட்டு, உறைவதற்கு வேண்டிய ஃபைப்ரினோஜன் என்னும் புரதத்தையே சரீரத்தில் செலவழித்துத் தீர்த்துவிடுவதால், எவ்வளவு நேரமானாலும் குழாயில் தண்ணீராகவே நிற்கும். ஆனால் அன்றைய குழாயில் இரத்தம் சற்றே தாமதித்துக் கட்டியது. சாய்த்தால் முற்றாத நுங்கு போல ஆடியதேயன்றி வழியவில்லை. நான் ஓடிப்போய்ச் சொன்னபோது அம்மையார் தலையை அசைத்தாரேயொழிய முகம் தெளியவில்லை. அரைமணி கழித்து நான் மறுபடி குழாயை எடுத்துப் பார்த்த சமயத்தில் அந்தக் கட்டி ஓரங்களில் கரைந்து, நடுவில் ஒரு துணுக்கு மாத்திரம் மிதக்க, மீதியெல்லாம் பழையபடி திரவமாகி நின்றது. வைத்தியக் கல்லூரியில் கழித்த காலமெல்லாம் கட்டியைத் தீர்மானமான முடிவு என்று எண்ணிவந்த எனக்கு அது ஏதோ கண்கட்டு வித்தையாகப் பட்டது. அம்மையாருக்கு ஆச்சரியமில்லை, அவர் எதிர்பார்த்திருந்ததும் அஞ்சியதும் அதுவே. கணவனும் அவனுடைய தம்பிமார்களும் கொடுத்த புத்தம்புது இரத்தத்தை ஏற்றி, விடிவதற்குள் பிரசவத்தையும் முடித்தார்கள். சிசு பிழைக்கவில்லை, தாய் பிழைத்தாள்.

மறுநாள் தேநீர் வேளையில் அம்மையார் சொல்லித் தந்ததும், பிறகு நான் நூலகத்தில் தேடிப் படித்ததும் சேர்ந்து எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன். உறைதலின் கடைசிக் கட்டத்தில், த்ராம்பின் என்னும் நொதி ஃபைப்ரினோஜனை நறுக்கி ஃபைப்ரின் இழைகளாக்குகிறது; இழைகள் பின்னி வலையாகி, இரத்த அணுக்களைச் சிறைபிடித்துக்கொள்கின்றன; பதின்மூன்றாவது காரணி அந்த இழைகளைக் குறுக்கே பிணைத்து உறுதியாக்குகிறது. பாடநூல் இங்கே நின்றுவிடும். ஆனால் அந்த வலை பின்னப்படும்போதே, ஈரலில் உற்பத்தியாகி இரத்தத்தில் சஞ்சரிக்கும் பிளாஸ்மினோஜன் என்ற மற்றொரு புரதமும் அதன் கண்ணிகளுக்குள் அகப்பட்டுக்கொள்கிறது. அது அப்போதைக்குச் செயலற்றது. இரத்தக் குழாயின் உட்சுவரில் உள்ள செல்கள் சுரக்கும் ஒரு தூண்டுபொருள் வந்து அதைத் தொட்டதும் பிளாஸ்மின் என்னும் கத்திரியாக மாறி, தன்னைச் சிறைவைத்த இழைகளையே துண்டு துண்டாக வெட்டிப்போடுகிறது. அதாவது கட்டியைக் கரைக்கும் சக்தி கட்டிக்கு வெளியேயிருந்து வருவதன்று. கட்டி உருவாகும் கணத்திலேயே அதன் அழிவுக்கான வித்தும் உடன் வைக்கப்பட்டுவிடுகிறது. இதைப் படித்த அன்று எனக்கு உண்டான பிரமிப்பு, இத்தனை வயதாகியும் முற்றிலும் தணிந்துவிடவில்லை.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. அந்தத் தூண்டுபொருள் வெறும் இரத்தத்தில் மிதக்கும்போது மந்தமாகவே இருக்கிறது. ஃபைப்ரின் இழையின்மேல் அமர்ந்தால்தான் அதற்கு வேகம் பிறக்கிறது. பிளாஸ்மினோ, வலையை விட்டு ஓட்டத்தில் கலந்துவிட்டால் ஒரு விநாடியின் பத்தில் ஒரு பங்கு காலத்துக்குள் எதிர்ப்புரதம் ஒன்றினால் பிடித்து முடக்கப்படுகிறது. வெட்டு இழையின்மேல் நிகழவேண்டும், இரத்தத்தில் நிகழலாகாது என்ற கட்டுப்பாடு இவ்வாறு காக்கப்படுகிறது. நஞ்சுக்கொடி பிரிந்த அந்தப் பெண்ணின் உடம்பில் இந்தக் காவல் உடைந்துபோனது. உறைதலும் கரைதலும் கட்டுக்கு அடங்காமல் ஒன்றையொன்று துரத்தின. அதைத்தான் என் சட்டைப் பைக்குள் இருந்த குழாய் காட்டியது.

இந்தச் சங்கதியைப் படிக்கத் தொடங்கிய பிறகு, முன்பு கேட்டும் கேளாதுபோல் விட்டிருந்த ஒரு பேச்சு ஞாபகத்துக்கு வந்தது. பிரேத பரிசோதனைக் கூடத்தில் வெகுகாலம் ஊழியம் செய்த ஒரு முதியவர், மாணவர்களாகிய எங்களைப் பார்த்து, "சட்டுன்னு போனவுக ரத்தம் கட்டாது சாமி, ஊத்தலாம், இழுத்துக் கிடந்து போனவுகளுக்குத்தான் கட்டியா நிக்கும்" என்று சொல்வதுண்டு. எங்களுடைய படிப்பின் கர்வத்தில் அதை நாங்கள் பொருட்படுத்தியதில்லை. இலண்டன் நகரத்து அறுவை நிபுணர் ஜான் ஹண்டர் இரத்தத்தைப் பற்றி எழுதி, அவர் காலமான மறு ஆண்டாகிய 1794-இல் வெளிவந்த நூலில், இடி விழுந்து மாண்டவர்களிடத்தும் ஓட ஓட விரட்டிக் கொல்லப்பட்ட மான்களிடத்தும் இரத்தம் உறையாதிருப்பதைக் குறித்திருக்கிறார் என்று அறிந்தபோது, எங்கள் கூடத்து முதியவர் ஹண்டரின் வரிசையில் வைக்கத்தக்கவர் என்று எனக்குப் பட்டது. ஹண்டர் கண்டதற்கு முழுக் காரணம் தெரிய வெகுகாலம் ஆயிற்று. திடீர் மரணத்தின் அதிர்ச்சியில் குழாய்ச் சுவர்கள் தங்களிடமுள்ள தூண்டுபொருளை ஏராளமாகக் கொட்டிவிடுகின்றன. சவத்தின் இரத்தம் முதலில் உறைந்து, சில நாழிகையில் தானே கரைந்து, ஃபைப்ரினோஜன் அற்றுப்போனமையால் மறுபடி உறையாமலே நின்றுவிடுகிறது.

இந்த உண்மையை உபயோகத்துக்குக் கொண்டுவந்த மனிதர் மாஸ்கோவில் இருந்தார். ஸ்கிளிஃபசோவ்ஸ்கி அவசர சிகிச்சை நிலையத்தின் தலைமை அறுவை நிபுணரான செர்கெய் யூதின், 1930-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், தற்கொலைக்கு முயன்று இரத்தமெல்லாம் இழந்து வந்த ஒருவருக்குச் சவத்திலிருந்து எடுத்த இரத்தத்தை ஏற்றிப் பிழைக்கவைத்தார். திடீரென்று இறந்தவர்களின் இரத்தமானால், உறையாதிருக்க வேறு மருந்து எதையும் அதில் கலக்க வேண்டியிருக்கவில்லை. மரணமே அந்த வேலையைச் செய்து வைத்திருந்தது. கேட்பவருக்கு அருவருப்பு உண்டாவது இயல்பே. நான் இதை வீட்டில் சொல்லப்போய், என் தாயார் இராச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனார். ஆயினும் பல ஆண்டுகள் அந்த நிலையத்தில் அது வழக்கமான சிகிச்சையாகவே நடந்துவந்தது.

கட்டியைக் கரைக்கும் முதல் மருந்து ஒரு தொண்டைக் கிருமியிடமிருந்து வந்ததும் இதே அளவு விசித்திரமானது. அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையில் வில்லியம் டில்லெட் என்பவர் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவை இரத்த நீரிலுள்ள ஃபைப்ரினோஜனைப் பற்றிக்கொள்கின்றன என்பது அவருடைய யூகம். அப்படியானால் கிருமி கலந்த இரத்த நீர் உறையக்கூடாது. சோதித்தபோது அது மற்றக் குழாய்களைப் போலவே உறைந்தது. யூகம் பொய்த்ததென்று குழாய்களை ஒதுக்கிவிட்டவர், வெகு நேரம் கழித்துத் தற்செயலாக அவற்றைப் பார்த்தபோது, கிருமி கலந்த குழாய்களில் மாத்திரம் கட்டி கரைந்து திரவமாகியிருந்தது. கழுவும் தொட்டிக்குப் போகவேண்டிய குழாயை இன்னொரு முறை கையிலெடுத்துப் பார்த்த குணம் ஒன்றுக்காகவே அவரை நான் மதிக்கிறேன். 1933-இல் கார்னர் என்ற துணைவரோடு அவர் வெளியிட்ட அந்தச் செய்தியிலிருந்து பிறந்ததுதான் ஸ்ட்ரெப்டோகைனேஸ். அந்தப் பொருள் தானாக எதையும் வெட்டுவதில்லை. நம்முடைய பிளாஸ்மினோஜனோடு ஒட்டிக்கொண்டு, மற்றைய பிளாஸ்மினோஜனையெல்லாம் பிளாஸ்மினாக மாற்றிவிடுகிறது. அந்நியன் செய்வது ஏவல் மட்டுமே. கரைக்கும் வேலை அப்போதும் நம் உடம்பினுடையது.

மருந்து கிடைத்தும் அது மாரடைப்புக்குப் பரவலாக வர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. இருதயத் தமனியில் காணப்படும் கட்டி மாரடைப்பின் காரணமா, அல்லது தசை இறந்த பின் நேர்ந்த விளைவா என்பதில் பெரியவர்களுக்குள்ளேயே கருத்து வேற்றுமை இருந்தது. எங்கள் ஆசிரியர்களில் ஒருவர் அது விளைவே என்று மேசையைத் தட்டிச் சாதிப்பார். 1980-இல் அமெரிக்க மருத்துவர் டிவுட் என்பவரும் அவருடைய சகாக்களும், வலி தொடங்கிய ஒரு நாளுக்குள் நோயாளிகளின் தமனிகளைப் படம் பிடித்து, முதல் நான்கு மணி நேரத்தில் வந்தவர்களுள் நூற்றுக்கு 87 பேருக்குத் தமனி முழுதும் அடைபட்டிருப்பதைக் காட்டிய பிறகுதான் அந்த வாதம் ஓய்ந்தது. அதுவரை எங்கள் வைத்தியமெல்லாம் பெத்திடின், பிராணவாயு, அசையாத படுக்கை, மீதிக்கு மீனாட்சியம்மன் என்ற அளவில் இருந்தது. 1986-இல் இத்தாலியர்கள் ஏறக்குறைய 12,000 நோயாளிகளைக் கொண்டு செய்த பரிசோதனையில், 21 நாட்களுக்குள் மரணம் 13 சதவீதத்திலிருந்து 10.7 சதவீதமாகக் குறைந்தது. வலி கண்ட ஒரு மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களிடத்தில் மரணம் ஏறக்குறையப் பாதியாயிற்று. இரண்டு வருஷம் கழித்து 17,187 பேரை உட்படுத்திய இன்னொரு பெரும் பரிசோதனை, ஸ்ட்ரெப்டோகைனேஸும் ஆஸ்பிரினும் சேர்ந்தால் இருதய, இரத்தக்குழாய் மரணங்கள் 13.2-இலிருந்து 8 சதவீதத்துக்கு இறங்குவதை ஐயமறக் காட்டியது.

இந்தப் பரிசோதனையைப் பற்றி ஒரு வேடிக்கையும் உண்டு. நோயாளிகளைச் சிறு சிறு பிரிவாகப் பகுத்து முடிவுகளைக் காட்டும்படி பத்திரிகையாசிரியர்கள் வற்புறுத்தவே, அப்படிப் பகுப்பது எவ்வளவு அபத்தமான முடிவுகளில் கொண்டுபோய் விடும் என்பதை உணர்த்துவதற்காக, ஆராய்ச்சியாளர்கள் மேனாட்டு ராசிப்படியும் ஒரு பகுப்பைச் சேர்த்து வெளியிட்டார்கள். மிதுன ராசிக்காரர்களுக்கும் துலா ராசிக்காரர்களுக்கும் மட்டும் ஆஸ்பிரினால் பயனில்லை என்று அதில் வந்திருக்கிறது! ராகுகாலம் கழியட்டும், அப்புறம் ஊசியைப் போடலாம் என்று கையைப் பிடித்துக்கொண்ட உறவினர்களிடம் நான் கோபித்துக்கொண்டதுண்டு. இலண்டன் மருத்துவப் பத்திரிகையில் மிதுனமும் துலாமும் அச்சேறியிருப்பதை அவர்கள் அறியாதது என் அதிர்ஷ்டம்.

தென்மாவட்டமொன்றின் தலைமை மருத்துவமனையில் நான் பொது மருத்துவராக இருந்தபோதுதான் அந்த மருந்துப் புட்டி எங்கள் வார்டுக்கு வந்தது. வெள்ளைப் பொடி, அதில் நீர் விட்டுக் குலுக்கினால் நுரைத்துக் கெட்டுவிடுமாதலால், புட்டியை உள்ளங்கைகளுக்கு இடையே வைத்து மெல்ல உருட்டிக் கரைக்க வேண்டும். பதினைந்து லட்சம் யூனிட் மருந்தை உப்புநீரில் சேர்த்து ஒரு மணி நேரத்தில் சிரை வழியே இறக்கவேண்டும்; அதற்குள் இரத்த அழுத்தம் படுத்துவிடும், உடம்பு நடுங்கும், அரிப்பு எடுக்கும். ஆரம்பத்தில் அது சர்க்கார் கணக்கில் வராததால் உறவினர்கள் வெளியில் வாங்கிவர வேண்டியிருந்தது. அடகுக் கடை திறக்கும்வரை ஒரு மனிதனுடைய இருதயத் தசை காத்திருந்த காலைகளை நான் கண்டிருக்கிறேன். ஆனால் மருந்து பலித்தபோது கிடைத்த காட்சியும் வேறெந்த வைத்தியத்திலும் கிடைக்காதது. நெல் வியாபாரி ஒருவர், முகமெல்லாம் வியர்த்து, மார்பைக் கையால் அழுத்திப் பிடித்தபடி கிடந்தவர், மருந்து இறங்கி முடிகிற தறுவாயில், "பாரத்தை எறக்கி வச்ச மாதிரி இருக்குங்கய்யா" என்றார். அந்தக் கணத்தில் இருதயத் துடிப்பு சில நிமிஷங்கள் தாறுமாறாக ஓடியது. முதன்முறை பார்க்கும் நர்ஸ் கதிகலங்கிப்போவாள், ஆனால் திறந்த தமனியில் இரத்தம் திரும்பப் பாய்வதன் அறிகுறியே அது. சற்று முன்னே மலையாக உயர்ந்திருந்த ஈ.சி.ஜி. கோடு இறங்கித் தாழ்ந்தது.

பலிக்காததும் உண்டு, அதுவும் அதிகம். மருந்து தொடங்கி 90 நிமிஷத்தில் தமனியில் முழு ஓட்டம் திரும்புவது ஸ்ட்ரெப்டோகைனேஸ் பெற்றவர்களில் மூன்றில் ஒருவருக்கு மாத்திரம் என்றும், குழாய்ச் சுவரின் இயற்கைத் தூண்டுபொருளையே மரபணு முறையில் தயாரித்துத் தரும் டி.பி.ஏ. மருந்தாலும் பாதிப் பேருக்குச் சற்று மேல்தான் என்றும் 1993-இல் தெரியவந்தது. ஒரே மருந்து, ஒரே அளவு. ஒருவருக்குக் கரைகிறது, பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்குக் கரையவில்லை. இதற்குரிய காரணங்களில் தலையாயது கட்டியின் வயது. புதுக் கட்டி நெகிழ்வானது, அதனுள்ளே மருந்து புகமுடியும். மணி ஏற ஏற, தட்டணுக்கள் வலையைப் பிடித்திழுத்துச் சுருக்கி, உள்ளிருந்த நீரைப் பிழிந்து வெளியேற்றிவிடுகின்றன. குறுக்குப் பிணைப்புகள் பெருகுகின்றன. பிளாஸ்மினை முடக்கும் எதிர்ப்புரதமே இழைகளோடு சேர்த்துப் பிணைக்கப்பட்டுவிடுகிறது. ஆறு மணி நேரத்துக்குப் பிறகு வந்தவர்களுக்கு இத்தாலியப் பரிசோதனையில் குறிப்பிடத்தக்க பயன் கிட்டாததற்கு இது ஒரு காரணம். அதற்குள் தசை செத்துப்போவது மற்றொன்று.

நாளின் வேளையும் இதில் சேரும் என்பதை நான் பின்னால்தான் படித்தேன். தூண்டுபொருளைத் தடுக்கும் பி.ஏ.ஐ. என்ற புரதம் இரத்தத்தில் விடியற்காலையில் உச்சத்தை அடைந்து, பிற்பகலில் தாழ்கிறது. எங்கள் வார்டுக்கு மாரடைப்புக்காரர்கள் பெரும்பாலும் கோழி கூவும் நேரத்துக்கும் பலகாரக் கடை அடுப்பு மூட்டும் நேரத்துக்கும் இடையில் வந்து சேர்ந்ததற்கு மூச்சுவாங்க வைக்கும் குளிர்காற்றையும் பித்தத்தையும் காரணமாகச் சொல்லிவந்த ஊராருக்கு இது தெரிய நியாயமில்லை. தொந்தியும் சர்க்கரை நோயும் உடையவர்களிடம் இதே தடைப்புரதம் எந்நேரமும் மிகுந்திருக்கிறது. இவை போதாவென்று, பிளாஸ்மினோஜனைப் பெரிதும் ஒத்த வடிவுடைய ஒரு கொழுப்புப் புரதம் பரம்பரையாகச் சிலருக்கு மிகுதியாக அமைகிறது. அந்த ஒற்றுமை 1987-இல் கண்டுபிடிக்கப்பட்டது. பிளாஸ்மினோஜன் அமரவேண்டிய ஆசனத்தில் அது போய் அமர்ந்துகொள்வதைச் சோதனைக் குழாயில் காணலாம். மனித சரீரத்திலும் அது அவ்வளவு பெரிய இடையூறா என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. உடலுழைப்பு தூண்டுபொருளின் சுரப்பை அதிகரிப்பது மட்டும் ஆறுதலான செய்தி.

ஸ்ட்ரெப்டோகைனேஸுக்கு இன்னொரு குறை. கிருமியின் பொருளாதலால் உடம்பு அதற்கு எதிராயுதங்களைத் தயாரித்து வைத்துக்கொள்கிறது. ஒருமுறை பெற்றவருக்கு மறுமுறை அது பலிக்காது, ஒவ்வாமையும் நேரலாம். ஆகையால் வீட்டுக்கு அனுப்பும்போது சீட்டில் சிவப்பு மையால் எழுதிக் கொடுப்போம். மூளைக்குச் செல்லும் தமனி அடைபட்டவர்களிடமோ மருந்தின் கூர்மை இரு பக்கமும் வெட்டியது. 1995-இல் வெளிவந்த அமெரிக்கப் பரிசோதனையில், பக்கவாதம் கண்ட மூன்று மணி நேரத்துக்குள் டி.பி.ஏ. பெற்றவர்கள் மூன்று மாதம் கழித்து ஊனமின்றி இருப்பது அதிகமாயிற்று. ஆனால் மூளைக்குள் ஆபத்தான இரத்தக்கசிவு மருந்து பெறாதவர்களில் 0.6 சதவீதமாக இருக்க, பெற்றவர்களில் 6.4 சதவீதமாயிற்று. முதலில் ஸ்கேன் எடுத்து, உள்ளே அடைப்பா, கசிவா என்று பார்த்தாலன்றி அந்த மருந்தைத் தொடக்கூடாது. ஸ்கேன் கருவி இருந்த ஊர் எங்களுக்கு இரண்டு மணிப் பயணத் தொலைவு. கணக்கு அங்கேயே முடிந்துவிடும்.

கரைவதைத் தூண்டும் மருந்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் நடந்த காலத்தில், கரைவதைத் தடுக்கும் மருந்தொன்று ஓசையின்றிக் கிடந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் ஆற்றாமை உண்டாகிறது. பிரசவத்தில் இரத்தம் பெருகி இறக்கும் தாய்மாரைக் காக்கவேண்டுமென்ற நோக்கத்தோடு, ஜப்பானில் உதாகோ ஒகமோடோ என்ற பெண்மணியும் அவருடைய கணவர் ஷோசுகேயும் உழைத்து, 1962-இல் டிரானெக்ஸாமிக் அமிலத்தை உலகுக்கு அறிவித்தார்கள். பிளாஸ்மினோஜன் இழையைப் பற்றும் இடத்தில் இது முந்திப் போய் ஒட்டிக்கொள்வதால் கட்டி கலையாமல் நிற்கிறது. விலை சொற்பம். ஆயினும் அந்த நோக்கத்துக்கு அதைப் பெரிய அளவில் சோதித்துப் பார்க்க மருத்துவ உலகத்துக்கு மனம் வர வெகுகாலம் பிடித்தது. 21 நாடுகளில் 20,060 தாய்மாரைக் கொண்டு நடந்த பரிசோதனை 2017-இல் வெளிவந்து, பிரசவித்த மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் இரத்தப்போக்கினால் நேரும் மரணம் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவதைக் காட்டியது. ஒகமோடோ அம்மையார் அதற்கு முந்தின வருஷமே காலமாகிவிட்டார். நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்த காலத்தில் அந்த மருந்துக்கு வயது பதினைந்துகூட ஆகவில்லை; பிரசவ வார்டு அலமாரியில் அது இருந்ததில்லை.

மாரடைப்புக்கு இப்போது நகரங்களில் கட்டியைக் கரைப்பதற்கென்று காத்திருப்பதில்லை. தமனிக்குள் கம்பியைச் செலுத்திக் கட்டியை விலக்கி, வலைக்குழாய் வைத்துவிடுகிறார்கள், அதுவே மேலான சிகிச்சை என்பதில் எனக்கு ஐயமில்லை. தாலுகா ஆஸ்பத்திரியில் மட்டும், கட்டியைக் கரைக்கும் டெனெக்டிபிளேஸை உடல் எடைக்கேற்ப ஒரே ஊசியாகப் போட்டு, நோயாளியை ஆம்புலன்ஸில் பெரிய ஊருக்கு அனுப்பிவைக்கிறார்கள்.

முழங்கால் மூட்டு மாற்றிய பிறகு என் கெண்டைக்காலில் ஆழத்து இரத்தநாளம் அடைத்துக்கொண்டபோது, பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "கரைக்கிற மாத்திரை குடுத்துட்டாங்களா?" அந்த மாத்திரை எதையும் கரைப்பதில்லை என்று நான் சொன்னதை எவரும் நம்பவில்லை. ஹெபாரினாகட்டும், வார்ஃபரினாகட்டும், இன்றைய புது மாத்திரைகளாகட்டும், கட்டி மேலும் வளராமல் தடுக்க மாத்திரம் வல்லவை. உள்ளதைக் கரைக்கும் பொறுப்பு நம்முடைய பிளாஸ்மினுக்கே உரியது, அது வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தன் வேலையைச் செய்யும். என் இரத்தத்தில் டி-டைமர் ஏறியிருந்தது. குறுக்கே பிணைந்த ஃபைப்ரின் வெட்டுண்ட துண்டுதான் அது, ஆகவே வெட்டும் வேலை நடந்துவருகிறது என்பதற்கு அத்தாட்சி. என் சம்பந்தி தினம் ஆறு பல் பூண்டை விழுங்கச் சொன்னதோடு நில்லாமல், ஜப்பானியர் புளிக்கவைத்த சோயா மொச்சையிலிருந்து எடுக்கும் நாட்டோகைனேஸ் மாத்திரை ஒரு புட்டியும் வாங்கிவந்தார். அந்த நொதி சோதனைத் தட்டில் ஃபைப்ரினைக் கரைப்பது மெய்யே. வயிற்றுக்குள் போய் நாளத்துக் கட்டியை அடைந்து கரைக்கும் என்பதற்குத் தக்க ஆதாரம் இல்லை. இரத்தம் உறையாதிருக்க மாத்திரை தின்கிறவன் அதனோடு இதையும் சேர்ப்பது விவேகமன்று என்று சொல்லிப் புட்டியைத் திருப்பிக் கொடுத்தேன், அவருக்கு மனஸ்தாபம்தான்.

சில மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் நாளம் பெரும்பாலும் திறந்திருந்தது, ஆனால் உட்சுவரில் தழும்பு போல ஒரு திரை ஒட்டியிருந்தது. கரையும்போது வால்வுகளும் சிதைந்துபோவதால் மாலையில் கால் வீங்குகிறது. எனக்கு வைத்தியம் பார்க்கும் இளைஞர் இறுக்கமான காலுறை அணியச் சொன்னார். அப்படி அணிவதால் பின்விளைவு குறையவில்லை என்று கனடாவிலும் அமெரிக்காவிலும் 800-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் செய்த பரிசோதனை 2014-இல் வந்திருப்பதை நான் எடுத்துக்காட்டினேன்.

"அது வராம தடுக்குமான்னு பார்த்த ஆராய்ச்சி, ஐயா. உங்களுக்குத்தான் வீக்கம் வந்துருச்சே. போடுங்க" என்றார்.

வாதம் நியாயமானதுதான். அக்கினி நட்சத்திரத்தில், மதுரையில், முழங்கால் வரை அதை மாட்டிக்கொண்டு மாசி வீதியை ஒரு சுற்று சுற்றிவந்து பிறகு பேசும்படி அவரிடம் கேட்டிருக்கிறேன்.